கம்பளம் போர்த்திய பெட்டிகள்

விருந்தாளி வருகிறான் என்று காதில் விழுந்துவிட்டால் எங்கள் பீரோட் ஊர்ப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. நாங்கள் கஞ்சர்கள் என்று செர்பியா முழுக்கப் பேச்சு உண்டு. அப்படிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போய்ப் பேசுகிறவர்கள்தான். அந்தப் பிப்ரவரியில் விளையாட்டுக் கூடத்தில் நடந்த கூத்துக்கும் இந்த விருந்தாளிப் பைத்தியம்தான் காரணம்.

நான் டாக்ஸி ஓட்டுகிறவன். தோப்லிட்சா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவன் நான். அப்படி நின்றவனை எங்கள் பக்கம் 'கூம்' என்பார்கள், கூடப் பிறந்தவனுக்கும் ஒரு படி மேலே வைப்பார்கள். மேலே வைப்பது மரியாதைக்கு மட்டும் இல்லை. வீட்டில் சண்டை என்றால் முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

குளிர்காலம் வந்தால் அந்த வீட்டுப் பரணில் தொத்திறைச்சி லாடம் மாதிரி வளைந்து வரிசை வரிசையாகத் தொங்கும். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் பூண்டும் மிளகாயும் சேர்த்துத் தோப்லிட்சா குடலில் அடைப்பான். மலைக்காற்றில் காயக் காய, அவற்றை இறக்கி மேசையில் போட்டு, கண்ணாடிப் புட்டியால் உருட்டி உருட்டித் தட்டையாக்க வேண்டும். இஸ்திரி போட்ட தொத்திறைச்சி என்று சந்தையில் அதற்குப் பெயர். அவன் இங்கே புட்டியை உருட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் மனைவி யவோர்க்கா டயர் ஆலையில் ஷிஃப்ட் முடித்து ரப்பர் வாடையோடு வந்து சேர்வாள். கோட்டைக் கழற்றி மாட்டுவாள், ஒரு வாய் சூப் குடிப்பாள், நேரே பெரிய அறைக்குள் போய்விடுவாள்.

சண்டையெல்லாம் அந்தப் பெரிய அறையால்தான். விருந்தாளிகளுக்கென்றே வைத்திருந்த அறை அது. மாமியார் விதோசாவா அதைப் பூட்டிச் சாவியை ஏப்ரன் நாடாவில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். சுவரில் கம்பளம், பெஞ்சில் கம்பளம், பெட்டியில் கம்பளம். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும். கம்பளத்தின் தொங்கல் நூல் ஒன்றுகூட வெளியே தெரியாது. மிதிபட்டால் நைந்துவிடும் என்று எல்லாவற்றையும் உள்ளே மடித்துச் செருகியிருப்பாள். அந்த வீட்டில் அகலமான தரை அது ஒன்றுதான். தானாக ஓடும் வண்டி செய்கிறேன், ஓட்டிப் பார்க்க இடம் வேண்டும் என்று யவோர்க்கா கேட்டபோது, ஈஸ்டர் வரைக்கும்தான் என்று சொல்லித் திறந்துவிட்டாள் கிழவி. அதற்குப் பிறகு இரண்டு ஈஸ்டர் போய்விட்டது.

வண்டி என்றால் ஒரு ரொட்டி அளவு இருக்கும். முன்னால் இரண்டு வட்டக் கண். அந்தக் கண் பார்க்காது, கத்தும். நம் காதுக்குக் கேட்காத சத்தம் ஒன்றை விட்டு, அது எதிரே பட்டுத் திரும்பிவரும் நேரத்தை வைத்து, இங்கே சுவர் இருக்கிறது, அங்கே நாற்காலி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். யாரும் கையில் எடுக்காமல், ரிமோட் இல்லாமல், தடைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து மறுமுனை வாசலைத் தாண்ட வேண்டும். அதுதான் போட்டி. வருஷத்துக்கு ஒரு ஊரில் நடக்கும். பல் டாக்டர், முடிவெட்டுகிறவர், தபால்காரர் என்று இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஊர் ஊராக வண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். யவோர்க்கா இரண்டு வருஷம் போனாள். முதல் வருஷம் பாட்டரி பாதியில் உயிரைவிட்டது. இரண்டாம் வருஷம் வண்டி நடுவரின் காலணிக்கு முன்னால் போய் நின்று அசையவே மாட்டேன் என்றது.

வீட்டிலோ அதற்கு வேறு வினை. சுவரில் முட்டாது, நாற்காலியில் முட்டாது, கம்பளம் போர்த்திய பெஞ்சைக் கண்டால் மட்டும் நேரே போய் மோதும்.

"கம்பளி சத்தத்த முழுங்கிருது அத்தே. திரும்பி வந்தாத்தானே அதுக்குத் தெரியும்? அந்தப் பெஞ்சுக் கம்பளத்த மட்டும் எடுத்துக்கறேனே."

"எடு, எடு. அப்புறம் சுவர்ல இருக்கறத எடு. அப்புறம் என்னையும் எடுத்து வெளிய வை. வீடுன்னா கம்பளம் இருக்கும். உன் பொட்டிக்குக் கண்ணு தெரியலேன்னா அதுக்கு வைத்தியம் பாரு."

யவோர்க்கா வைத்தியம்தான் பார்த்தாள். வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே விளக்குமாற்றிலிருந்து சோளத்தட்டைக் குச்சிகளை உருவி, வண்டியின் முகத்தில் மீசை மாதிரி வைத்தாள். ஒவ்வொரு குச்சியின் அடியிலும் ஒரு சின்னப் பொத்தான். குச்சி எதையாவது தொட்டால் பொத்தான் அமுங்கும், வண்டி பின்வாங்கித் திரும்பும். மோதுவது நின்றது. ஆனால் வேகமாகப் போனால் குச்சி ஒடியும், அதனால் மெதுவாகத்தான் ஊர்ந்தது. தோப்லிட்சா அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இது வண்டி இல்லடி, நத்தை. கொம்ப நீட்டித் தடவித் தடவிப் போவுது பாரு. கூமே, வந்து பாரேன்!"

பெயர் நிலைத்துவிட்டது.

டிசம்பரில் அவர்கள் வீட்டுக் காவல் புனிதரின் நாள் வந்தது. அந்த நாளில் யாரையும் அழைக்க மாட்டோம், தெரிந்தவர்கள் தாமாகவே வருவார்கள். வீட்டுக்காரன் உட்காரக் கூடாது, நின்றுகொண்டே பரிமாற வேண்டும். நோன்புக் காலமாதலால் மீனும் பீன்ஸும்தான். அந்த வருஷம் வந்தவர்கள் பெரிய அறையில் உட்கார முடியவில்லை. மேசை முழுக்க ஒயர், பெஞ்சு முழுக்க ஆணி. எல்லோரும் சமையலறையில் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு மீன் முள் எடுத்தார்கள். விதோசாவாவின் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்துவிட்டது. அவள் பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் நிஷ் நகரத்திலிருந்து வந்த சம்பந்தி, "பெரிய அறைய வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவைத்தான்.

"ஆமா, நத்தைக்கு விட்டிருக்கோம்" என்றாள் கிழவி. பிறகு புனிதருக்காக எரிந்துகொண்டிருந்த பெரிய மெழுகுவர்த்தி பக்கம் திரும்பினாள். "யவோர்க்கா, எல்லாரும் இருக்காங்க. இப்பவே சொல்லு. இது எப்ப முடியும்?"

தோப்லிட்சா கையில் மீன் தட்டோடு நின்றான். வீட்டுக்காரனாச்சே, உட்காரவும் முடியாது, ஓடவும் முடியாது. என்னைப் பார்த்தான். நான் பீன்ஸைப் பார்த்தேன்.

யவோர்க்கா எழுந்து நின்றாள். "பிப்ரவரில போட்டி நம்ம ஊர்லயே நடக்குது. அன்னிக்கு அது வாசலத் தாண்டலேன்னா, நானே பிரிச்சுப் போட்டுடறேன் அத்தே. அறையத் தொடச்சுக் குடுத்துடறேன். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"தாண்டிருச்சுன்னா சாவிய உன் இடுப்புல கட்டறேன்" என்றாள் விதோசாவா.

அந்த மெழுகுவர்த்திக்கு முன்னால் சொன்ன சொல்லை எங்கள் ஊரில் யாரும் திரும்ப வாங்குவதில்லை. அந்த வண்டியைப் பிரித்தால் அவளையே பிரித்துப் போடுகிற மாதிரிதான். பகல் முழுக்க மற்றவர்களுக்கு டயர் வேகவைக்கிறவளுக்குத் தனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

போட்டி நாள் காலையில் மூடுபனி நிஷாவா ஆற்றிலிருந்து ஏறி வந்து தெருவையே மறைத்திருந்தது. நத்தையைத் தொட்டில் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு யவோர்க்கா என் டாக்ஸியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் தோப்லிட்சா. அவன் மடியில் தண்ணீர் பாட்டிலில் வீட்டுப் பிளம் சாராயம், காகிதத்தில் சுற்றிய தொத்திறைச்சி, ஒரு பாலாடைக் கட்டி. விதோசாவா விடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டிருந்தாள். ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், டிவிக்காரர்கள் வருகிறார்கள், கொஞ்சம் சாப்பாடு ஏற்பாடு செய்ய முடியுமா என்று போட்டி நடத்துகிற கிளப்பில் கேட்டிருந்தார்கள். கேட்டது சாப்பாடு மட்டும்தான்.

கூடத்துக்குள் நுழைந்ததும் யவோர்க்கா நின்றுவிட்டாள்.

தடையாகத் தரையெங்கும் இருக்க வேண்டியவை வெறும் அட்டைப் பெட்டிகளும் பலகைகளும். அவற்றில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கம்பளம். பெரிய பெட்டிக்குப் பெரியது, சின்னப் பெட்டிக்குச் சின்னது, கறுப்பு, சிவப்பு, பச்சை. தொங்கல் நூலெல்லாம் அழகாகச் சீவித் தரை வரை தொங்கவிட்டிருந்தது. கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. நடுவில் விதோசாவா, தலையில் புதுத் துணி கட்டி, கடைசிக் கம்பளத்தின் மூலையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"டிவில காட்டறாங்களாம். வெறும் அட்டப் பொட்டியவா காட்டுவாங்க? பார்க்கறவன் பீரோட்டுல துணிக்குப் பஞ்சம்னு நெனப்பான்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போட்டியாளர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அங்கே வந்த வண்டிகளில் முக்கால்வாசி, சத்தத்தை நம்பி ஓடுகிறவை. நிஷ்ஷில் முடிதிருத்தகம் வைத்திருக்கும் செகுலா, போன வருஷம் ஜெயித்தவன், நடுவரிடம் ஓடினான்.

"க்வோஸ்தென் அண்ணே, இது அநியாயம். என் வண்டிக்கு எதுவுமே தெரியாது. கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி."

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வீட்டுக்குள்ள இருக்கற எந்தப் பொருளும் தடையா இருக்கலாம்னு போட்டிருக்கு, செகுலா."

"எந்த வீட்டுல கம்பளம் இல்ல?" விதோசாவா இடுப்பில் கை வைத்து நின்றாள். "சொல்லு. அந்த வீட்டுக்காரி பேரச் சொல்லு."

செகுலா தன் வண்டிப் பக்கம் திரும்பிப் போனான். அவன் அம்மா வீட்டிலும் கம்பளம் இருந்திருக்கும்.

யவோர்க்கா மாமியாரிடம் போனாள். "அத்தே, வேணும்னே பண்ணீங்களா? வீட்டுல ஒரு தொங்கல வெளிய விடமாட்டீங்க. இங்க மட்டும் எதுக்கு அவுத்துத் தொங்கவிட்டீங்க? சக்கரத்துல சிக்கிக்கும். அறை வேணும்னா வாயால கேட்டிருக்கலாமே."

கிழவி போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து சாவியைக் கையில் பிடித்துக்கொண்டாள். எனக்கு யவோர்க்கா மேல் கோபம் வந்தது, கிழவி மேலும் வந்தது. கூமாக இருப்பது பெரிய தலைவலி.

ஆளுக்கு இரண்டு ஓட்டம். முதலில் லெஸ்கொவாட்ஸ் பல் டாக்டரின் வண்டி கிளம்பி, முதல் பெட்டியிலேயே முழு வேகத்தில் மோதிக் கவிழ்ந்து, சக்கரம் மேலே சுழன்றுகொண்டே கிடந்தது. செகுலாவின் வண்டிக்கு 'அம்பு' என்று பெயர். அது சீறிக்கொண்டு போய் ஒரு கம்பளத்துக்கு அடியில் நுழைந்தது. உள்ளே முட்டி முட்டிக் கம்பளம் மட்டும் அங்கங்கே வீங்கியது, வண்டி வெளியே வரவே இல்லை. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. டிவிப் பெண் சிரிப்பை அடக்க மைக்கைக் கடித்தாள்.

பிறகு நத்தை. மெதுவாகப் போனது. குச்சியால் கம்பளத்தைத் தொட்டது, பின்வாங்கியது, திரும்பியது. இரண்டாவது பெட்டி, மூன்றாவது. சிரிப்பு அடங்கியது. யாரோ, "அட, போகுதே!" என்றார்கள். வாசலுக்கு முன்னால் கடைசிப் பெட்டி. அதன் மேல் கிடந்த கறுப்புக் கம்பளத்தைத் தொட்டு, பின்வாங்கித் திரும்பும்போது, தொங்கல் நூல் சக்கர அச்சில் சுற்றிக்கொண்டது. சக்கரம் நூலை இழுத்தது, நூல் கம்பளத்தை இழுத்தது, கம்பளம் சரிந்து நத்தையின் மேலேயே விழுந்தது.

யவோர்க்கா முகத்தை மூடிக்கொண்டாள். இன்னும் ஒரே ஓட்டம்.

வண்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தோம், கம்பளமும் கூடவே வந்தது. தோப்லிட்சா தடித்த விரலால் நூலை அவிழ்க்கப் பார்த்தான். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. யவோர்க்கா கத்தரிக்கோலை எடுத்தாள், கம்பளத்தைப் பார்த்தாள், கீழே வைத்துவிட்டாள்.

"இது அத்தையோட கல்யாணக் கம்பளம்" என்றாள்.

நானும் அப்போதுதான் கவனித்தேன். பெரிய அறைச் சுவரில் நடுவில் தொங்குவது. தூசி தட்டக்கூட வேறு ஆளை விடமாட்டாள். அதை எதற்கு இங்கே கொண்டுவந்தாள்?

விதோசாவா எழுந்து வந்தாள். "வாசலுக்குப் பக்கத்துப் பொட்டிக்குன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றாள் யாரையும் பார்க்காமல். "உன் வண்டி தாண்டும்போது படம் பிடிப்பாங்கள்ல. பக்கத்துல நம்ம வீட்டுது இருக்கணும்னு நெனச்சேன். வீட்டுல தொங்கல மடிக்கறது மிதிபடக் கூடாதுன்னு. இங்க எவன் மிதிக்கப் போறான், அழகா இருக்கட்டுமேன்னு விட்டேன். உன் சக்கரத்தப் பத்தி எனக்கென்னடி தெரியும்?"

யவோர்க்கா அழுதுவிட்டாள். "நான் பேசினது தப்பு அத்தே."

"தப்புதான். அழுகைய அப்புறம் வெச்சுக்க." கிழவி கத்தரிக்கோலை எடுத்தாள். கறக் என்று ஒரு பிடி தொங்கலை வெட்டினாள். இன்னொரு வெட்டு. அறுபது வருஷமாக ஈ உட்காரவிடாமல் காத்த கம்பளம். "நூல்தானே. மறுபடி முடிஞ்சுக்கலாம். நீ சக்கரத்தப் பாரு. மறுபடி சிக்காம இருக்க என்ன வேணும்?"

"சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் மறைப்பு வேணும். மெலிசா, வழவழன்னு. பிளாஸ்டிக் பாட்டில வெட்டினா ஆகும்."

எல்லோரும் தோப்லிட்சாவின் பாட்டிலைப் பார்த்தோம். பாதிக்கு மேல் சாராயம்.

"கீழ ஊத்திடு" என்றாள் யவோர்க்கா.

"கீழயா?" தோப்லிட்சா பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டான். "எங்கப்பா வெச்ச மரத்துப் பிளம். கீழ ஊத்தறதா? செகுலா, வா இங்க! டாக்டரே, வாங்க! கை குடுங்க, காலி பண்ணணும்."

போட்டியாளர்கள் எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கொரு மடக்கு, கூடவே ஒரு துண்டு தொத்திறைச்சி. பல் டாக்டர் மூன்று தரம் வரிசையில் நின்றார். நடுவர், தான் நடுவர் என்பதால் கூடாது என்று சொல்லிவிட்டுக் குடித்தார். வண்டி ஓட்டுகிற பாவி நான் மட்டும் பாலாடைக் கட்டியைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். ஜெயிக்க வந்தவனுக்கு எதிராளியே பாட்டில் காலி செய்து கொடுத்த போட்டி உலகத்தில் வேறெங்கே நடந்திருக்கும்?

தோப்லிட்சா தொத்திறைச்சிக் கத்தியால் பாட்டிலை வட்டமாக வெட்டினான். யவோர்க்கா சக்கரங்களின் இரு பக்கமும் ஒட்டினாள். செகுலா தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, அந்தக் குச்சி ரெண்டு கெடைக்குமா?"

"நாலு எடுத்துக்க" என்று ஒரு கொத்து கொடுத்தாள். அவன் அவசரமாக அம்பின் முகத்தில் கட்டினான். ஆனால் அம்புக்கு மெதுவாகப் போகத் தெரியாது. முதல் பெட்டியிலேயே குச்சி ஒடிந்தது, மறுபடி கம்பளத்துக்குள் போய்விட்டது. செகுலா கை தட்டிச் சிரித்தான். "அதுக்குக் குளிருது போல!"

கடைசியாக நத்தை. யவோர்க்கா அதைத் தொடக்கக் கோட்டில் வைத்துவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். விதோசாவாவின் கையைப் பிடித்தாள். கிழவி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நத்தை புறப்பட்டது. தொட்டது, திரும்பியது. தொங்கல் நூல் சக்கரத்தை உரசியது, வழுக்கி விலகியது. நடுவில் ஒரு பச்சைக் கம்பளத்துக்கும் பலகைக்கும் இடையே போய் மாட்டி, இந்தப் பக்கம் தொட்டு, அந்தப் பக்கம் தொட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. தோப்லிட்சா என் தோளைப் பிடித்த பிடியில் மறுநாள் வரை வலித்தது. பிறகு நத்தை பின்னாலேயே ஊர்ந்து வெளியே வந்து, வேறு வழியாகப் போனது.

"போ என் கண்ணு, போ!" என்று கத்தியது செகுலா. எதிராளி!

கடைசிப் பெட்டி. ஒரு பக்கம் தொங்கல் வெட்டுப்பட்டு மொட்டையாக நின்ற கறுப்புக் கம்பளம். நத்தை குச்சியை நீட்டி அதைத் தொட்டது. பின்வாங்கியது. திரும்பியது. அதன் ஓரமாகவே உரசாமல் ஊர்ந்துபோய் வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றது.

கூடம் இடிந்து விழாததுதான் பாக்கி. அன்றைக்கு வாசலைத் தாண்டிய வண்டி அது ஒன்றுதான். பல் டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார், பிளம் வாடை. தோப்லிட்சா மனைவியைத் தூக்கிச் சுற்றினான். நத்தை என்று பெயர் வைத்தது நான்தான், நான்தான் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான். டிவிப் பெண் மைக்கை யவோர்க்காவிடம் நீட்ட, அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மைக்கை விதோசாவா வாங்கிக்கொண்டாள்.

"இவ எங்க வீட்டு மருமக. கம்பளம் என்னோடது. ரெண்டையும் சேத்துக் காட்டு."

மறுநாள் மத்தியானம் என்னைக் காப்பிக்குக் கூப்பிட்டார்கள். வாக்குக் கொடுத்தபோது நான் கேட்டவன், அதனால் ஞாபகப்படுத்த வேண்டியது என் கடமை. போனதும் கேட்டேன். "பெரியம்மா, சாவி?"

"எந்தச் சாவி?" என்றாள் விதோசாவா. சாவி அவள் ஏப்ரன் நாடாவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"மெழுகுவத்தி முன்னாடி சொன்னீங்களே. தாண்டினா அவ இடுப்புல கட்டறேன்னு."

"கட்டறதுக்கு அது எதுக்கு ஆகும்? போய்க் கதவப் பாரு."

போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. காலையிலேயே தோப்லிட்சாவை எழுப்பிக் கழற்றச் சொல்லியிருக்கிறாள். கதவு பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. மேசையில் ஒயர் அப்படியே, ஆணி அப்படியே. மொட்டைத் தொங்கல் கறுப்புக் கம்பளம் சுவரில் பழைய இடத்துக்கு வந்திருந்தது. மற்றக் கம்பளங்களின் தொங்கலையெல்லாம் வெளியே எடுத்துத் தரை வரை தொங்கவிட்டிருந்தது, ஒன்று பாக்கியில்லாமல்.

"அடுத்த வருஷம் லெஸ்கொவாட்ஸ்ல. அங்க என்ன போர்த்துவாளுகளோ, யாருக்குத் தெரியும்? நத்தை எல்லாத்துக்கும் பழகட்டும்" என்றபடி விதோசாவா எனக்குத் தட்டில் ஒரு கரண்டி பிளம் இனிப்பும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தாள். ஒயர்களை முழங்கையால் தள்ளிவிட்டு வைத்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தப் பெரிய அறையில் விருந்தாளியாக உட்கார்ந்தது நான்தான்.

தரையில் யவோர்க்கா நத்தையை விட்டாள். அது ஊர்ந்து வந்து, தடித்த கம்பளிச் செருப்புப் போட்ட கிழவியின் பாதத்தைக் குச்சியால் தொட்டது.

"காலக் கொஞ்சம் எடுங்கத்தே."

"எதுக்கு எடுக்கணும்? சுத்திப் போகச் சொல்லு."

நத்தை பின்வாங்கியது, திரும்பியது, சுற்றிப் போனது.